உளுந்து வேரை வெட்டிப் பாருங்கள்... உள்ளே ரோஸ் நிறம் இருக்கிறதா?

இட்லிக்கு ஊறவைக்கிற உளுந்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு புரதம். அரிசியில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. புரதம் உருவாக வேண்டுமென்றால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் வேண்டும். கணக்குப்படி 100 கிலோ உளுந்துக்குள் சுமார் 3.8 கிலோ நைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. டெல்டாவில் நெல்லுக்கு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து வரை போடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இறவை உளுந்துக்கு அதே பரிந்துரை சொல்வது வெறும் 25 கிலோ. மானாவாரி என்றால் அதிலும் பாதி. புரதம் அதிகமுள்ள பயிருக்கு உரம் குறைவு; புரதம் குறைவான பயிருக்கு உரம் அதிகம். மீதியை உளுந்து எங்கிருந்து எடுத்துக்கொள்கிறது?

காற்றிலிருந்து. அதுவும் தானாக அல்ல. வேரில் குடியிருக்கும் பாக்டீரியாவின் தயவில். அந்த பாக்டீரியாவைத்தான் 'ரைசோபியம்' என்ற பெயரில் 200 கிராம் பாக்கெட்டில் அடைத்து வேளாண்மை விரிவாக்க மையங்களில் விற்கிறார்கள். விவசாய இடுபொருட்களிலேயே மிக மலிவானவற்றில் ஒன்று. ஆனால் வாங்கிய பாக்கெட் வயலில் வேலை செய்கிறதா என்பது, வாங்கியவர் அதை எங்கே வைத்தார், எப்படிக் கலந்தார் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. ஏனென்றால் இது உரம் அல்ல. உயிர்!

தலைக்கு மேலே உரக் கிடங்கு

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் காற்றில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் ஒன்றையொன்று மூன்று கைகளால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை உடைக்க எந்தச் செடிக்கும் தெரியாது. சுற்றிலும் கடல், குடிக்கத் தண்ணீர் இல்லை என்கிற கதை!

மனிதன் இந்தப் பிடியை உடைக்கக் கற்றுக்கொண்டது 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் வழி கண்டுபிடித்தார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை ஆக்கினார். 1913-ல் ஓப்பாவ் என்ற ஊரில் உற்பத்தி தொடங்கியது. 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம், காற்றழுத்தத்தைப்போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தம். இன்று நாம் போடும் யூரியாவின் ஆரம்பம் அதே முறையில்தான்.

அதே வேலையை ரைசோபியம் ஈர மண்ணுக்குள், சாதாரண வெப்பத்தில், சத்தமில்லாமல் செய்கிறது. இந்த ரகசியம் 1886-ல் வெளியே வந்தது. ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள், பட்டாணிச் செடி வேர் முடிச்சுகளின் உதவியோடு காற்றின் நைட்ரஜனைப் பயன்படுத்துகிறது என்று நிரூபித்தார்கள். இரண்டே வருடத்தில், 1888-ல், நெதர்லாந்தின் பையரிங்க் அந்த முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். 1896-ல் ஜெர்மனியில் அதை விதையோடு சேர்க்கும் பொருளாக விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஆக, நம் ஊர் கடையில் கிடைக்கும் பாக்கெட்டுக்குப் பின்னால் நூறு வருடங்களுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது.

வேருக்கும் பாக்டீரியாவுக்கும் நடக்கிற சம்பந்தம்

உளுந்து முளைத்து வேர் விட்டதும், வேரிலிருந்து ஒருவகை ரசாயனம் கசிகிறது. அது ஓர் அழைப்பிதழ். சரியான பாக்டீரியா அருகில் இருந்தால், பதிலுக்கு அதுவும் ஒரு ரசாயனத்தை அனுப்புகிறது. வேர்த்தூவி வளைந்து அதை அணைத்துக்கொள்கிறது. பாக்டீரியா உள்ளே போனதும், செடி அதற்கென்று வேரில் ஓர் அறை கட்டுகிறது. அதுதான் வேர் முடிச்சு.

உள்ளே கொடுக்கல் வாங்கல் நேர்மையாக நடக்கிறது. செடி தன் இலையில் தயாரித்த சர்க்கரையைக் கொடுக்கிறது. பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றித் தருகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. நைட்ரஜனை உடைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். இரண்டையும் சமாளிக்கச் செடி ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது. பெயர் லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் உறவு. அது ஆக்சிஜனைப் பிடித்து வைத்து, தேவைக்கு மட்டும் அளந்து கொடுக்கிறது.

அதனால்தான் நன்றாக வேலை செய்யும் முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே ரோஸ் நிறம் தெரிகிறது. செடிக்குள் ரத்தச் சாயல்! அமெரிக்காவில் தாவரத்திலிருந்து செய்யும் 'இறைச்சி'க்கு அசல் இறைச்சியின் நிறமும் சுவையும் வருவதற்கு, சோயா வேரின் இதே புரதத்தை ஈஸ்ட் மூலம் தயாரித்துச் சேர்க்கிறார்கள்.

எல்லாப் பயறுக்கும் ஒரே பாக்டீரியா அல்ல

சம்பந்தம் என்றால் பொருத்தம் பார்க்க வேண்டுமே! உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, துவரை, நிலக்கடலை ஆகியவற்றுக்கு ஒத்துப்போகும் பாக்டீரியா ஒரு குடும்பம். கொண்டைக்கடலைக்கு வேறு. பட்டாணிக்கு வேறு. சோயாவுக்கு வேறு. ஒரே குடும்பத்துக்குள்ளும் ஒரு பயிரில் சிறப்பாக வேலை செய்யும் ரகம் இன்னொன்றில் சுமாராக இருக்கலாம். எனவே பாக்கெட்டின் மேல் எந்தப் பயிரின் பெயர் போட்டிருக்கிறது என்று பார்ப்பது அவசியம். நிலக்கடலைக்கு வாங்கிய பாக்கெட்டில் மிச்சம் இருக்கிறதே என்று கொண்டைக்கடலை விதையில் கலந்தால், பாக்டீரியா உயிரோடு இருந்தும் பயன் இல்லை.

பொருத்தமான பாக்டீரியா கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு பிரேசில் நல்ல உதாரணம். சோயா அந்த மண்ணின் பயிர் அல்ல. சீனாவிலிருந்து உலகுக்குப் பரவியது. அதனால் பிரேசில் மண்ணில் அதற்கேற்ற பாக்டீரியாவும் இல்லை. யூரியா போட்டு வளர்க்கலாம் என்று பலரும் நினைத்தபோது, செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து பிரேசிலில் குடியேறிய விஞ்ஞானி யோஹன்னா டோபரெய்னர், பாக்டீரியாவை நம்பியே சோயாவை வளர்க்க வேண்டும் என்று 1960-களிலேயே வலியுறுத்தினார். அரசு கேட்டது. இன்று உலகிலேயே அதிகம் சோயா விளைவிக்கும் நாடாக இருக்கும் பிரேசிலில், பெரும்பகுதி சோயாவுக்குத் தழைச்சத்து உரமே போடுவதில்லை. அவர் வழியில் வந்த மரியாஞ்செலா ஹுங்ரியா என்ற பெண் விஞ்ஞானி, இந்தத் துறையில் செய்த பணிக்காக 2025-ம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றார்.

டெல்டா உளுந்துக்கு இது ஏன் பெரிய விஷயம்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் தை மாதம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்து விடுவார்கள். உழவு கிடையாது. பாசனம் கிடையாது. வயலில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியுமே தண்ணீர். நெல் தரிசு உளுந்து என்பது இதுதான். இதற்கென்றே ஆடுதுறை 3 போன்ற ரகங்கள் வெளியிடப்பட்டன.

இந்தச் சாகுபடியில் அடியுரம் போட வழியே இல்லை. நெல் நிற்கும்போது மண்ணுக்குள் எதை இட முடியும்? ஆக, விவசாயி உளுந்துக்குச் செய்யக்கூடிய உதவி இரண்டே இரண்டு தருணங்களில்தான். ஒன்று, தெளிக்கும் முன் விதையோடு சேர்த்துக் கொடுப்பது. இன்னொன்று, பூக்கும் நேரத்தில் இலைமேல் தெளிப்பது. முதல் வாய்ப்பைத் தவறவிட்டால், பயிர் ஒரு மாதம் தன் சொந்தக் கையிருப்பிலும் மண்ணில் கிடப்பதிலும் காலம் தள்ள வேண்டும்.

அதோடு, அந்த மண் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தது. ரைசோபியத்துக்குக் காற்றோட்டம் வேண்டும். தேங்கிய நீரில் அதன் எண்ணிக்கை குறைந்துபோகும். போன வருடம் உளுந்து போட்ட வயல்தானே, பாக்டீரியா இருக்கும் என்று நம்பி விட்டுவிட முடியாது.

உளுந்து வாங்கிச் சாப்பிடுகிறவருக்கும் இதில் பங்கு உண்டு. நம் நாட்டில் விளைவது போதாமல் மியான்மரிலிருந்து உளுந்து இறக்குமதி ஆகிறது. ஒரு வருடம் இங்கே விளைச்சல் படுத்தால், இட்லி மாவு விலையில் அது தெரிந்துவிடும்.

ஒரு விதையில் எத்தனை பாக்டீரியா?

2006-ல் உயிர் உரங்களும் மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தன. பொடி வடிவ ரைசோபியம் என்றால் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். பரிந்துரை, எக்டேருக்கான விதைக்கு 3 பாக்கெட், அதாவது 600 கிராம். ஏக்கருக்கு 240 கிராம். பெருக்கிப் பார்த்தால் 1,200 கோடி பாக்டீரியா! ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து விதை என்றால், அதில் ஏறக்குறைய 2 லட்சம் விதைகள். தலைக்கு 60,000 பாக்டீரியா வருகிறது.

கேட்க நிறைய மாதிரி இருக்கிறது. ஆனால் வெயில், வறட்சி, பூஞ்சாணக்கொல்லி என்று ஒவ்வொன்றும் அதில் ஒரு பங்கைக் கொன்றுகொண்டே வரும். 40 டிகிரி வெயிலில் வண்டியின் முன்பெட்டியில் ஒரு பகல் கிடந்த பாக்கெட்டில் கருப்புப் பொடி அப்படியே இருக்கும். உயிர் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதுதான் ஆபத்து. அந்தக் கருப்புப் பொடி பெரும்பாலும் பழுப்பு நிலக்கரித் தூள். பாக்டீரியாவுக்கு அது வீடு மட்டுமே.

எனவே வாங்கும்போதே கூச்சப்படாமல் கேளுங்கள். "அண்ணே, இது எப்போ தயாரிச்சது? எந்தப் பயிருக்கு உள்ளது? எங்கே வெச்சிருந்தீங்க?" மூன்று கேள்விகள் போதும். தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி இல்லாத பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். உரமூட்டை, பூச்சிமருந்து டப்பாக்களோடு ஒரே அலமாரியில் வெந்துகொண்டிருக்கும் பாக்கெட்டும் வேண்டாம்.

விதை நேர்த்தி: இப்படிச் செய்யுங்கள்

1. பூஞ்சாணக்கொல்லி மருந்து கலப்பதாக இருந்தால் முதலில் அதை முடியுங்கள். 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவை நாமே கொல்வதாகும். டிரைக்கோடெர்மா விரிடி போன்ற உயிரியல் முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

2. அரிசிக் கஞ்சியை நன்றாக ஆறவிடுங்கள். சூடான கஞ்சி வேண்டவே வேண்டாம். விரலை விட்டால் சூடே தெரியக் கூடாது.

3. பொடியைக் கஞ்சியில் கரைத்து, விதைமேல் ஊற்றி, கையால் மெதுவாகப் புரட்டுங்கள். எல்லா விதையிலும் கருப்பாக ஒரு பூச்சு ஏறினால் போதும். விதை ஊறும் அளவுக்குக் கஞ்சி சேர்த்தால் தோல் உரிந்துவிடும்.

4. சுத்தமான கோணிச்சாக்கில் நிழலில் பரப்பி அரை மணி நேரம் உலர்த்துங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது.

5. அன்றைக்கே விதையுங்கள். எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். மாலை நேரத்தில், ஈரமான மண்ணில் விதைப்பது நல்லது.

பாஸ்போபாக்டீரியாவையும் இதோடு சேர்த்துக் கலக்கலாம். உழுது விதைக்கும் நிலம் என்றால், எக்டேருக்கு 10 பாக்கெட் ரைசோபியத்தை 25 கிலோ மக்கிய தொழு உரம், 25 கிலோ மண்ணோடு கலந்து விதைப்புக்கு முன் தூவலாம். திரவ வடிவில் வாங்கியவர்கள் பாட்டிலில் குறிப்பிட்டுள்ள அளவைப் பின்பற்றுங்கள்.

30-ம் நாள் பரீட்சை

விதைத்த 25 முதல் 30 நாளுக்குள் வயலில் நாலைந்து இடங்களில் செடியை எடுத்துப் பாருங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் மண்ணோடு கட்டியாகத் தோண்டி, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மண் கரைந்ததும் எடுக்க வேண்டும்.

முடிச்சை வெட்டிப் பாருங்கள். ரோஸ் அல்லது சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது வந்திருப்பது சோம்பேறி பாக்டீரியா. பச்சை, பழுப்பு என்றால் வயதாகிவிட்டது. காய் முற்றும் நேரத்தில் எல்லா முடிச்சும் இப்படித்தான் ஆகும். அப்போது பார்த்துக் கவலைப்பட வேண்டாம். விதையோடு போன பாக்டீரியா வேலை செய்திருந்தால், ஆணிவேரின் மேல்பகுதியில் முடிச்சுகள் திரண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'வேர் முடிச்சு நூற்புழு' என்று ஒரு எதிரியும் உண்டு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் மணிபோல ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் கழன்று வரும். நூற்புழுவின் முடிச்சு அப்படி அல்ல. வேரே வீங்கியிருக்கும், பிரிக்க முடியாது.

நம்பிக்கையும் நடைமுறையும்

'ரைசோபியம் போட்டால் மகசூல் கட்டாயம் கூடும்.' அப்படிச் சொல்ல முடியாது. பல வருடங்களாகப் பயறு விளையும் மண்ணில் உள்ளூர் பாக்டீரியா ஏராளமாக இருக்கலாம். புதிதாக வருவது அதோடு போட்டிபோட வேண்டும். அங்கே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். முதல்முறை பயறு போடும் நிலம், நீர் தேங்கிக் கிடந்த நிலம், வறண்டு கிடந்த நிலம் ஆகியவற்றில் பலன் அதிகம் எதிர்பார்க்கலாம்.

'யூரியாவையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது.' இல்லை. மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால், செடி பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வளர்க்காது. முடிச்சு குறையும். இலை தளதளவென்று இருக்கும், காய் ஏமாற்றிவிடும். ஆரம்பத்துக்குக் கொஞ்சம் போதும்.

'ரைசோபியம் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்.' இதுவும் தவறு. பாக்டீரியாவின் வேலைக்கு மணிச்சத்து நிறைய வேண்டும். நைட்ரஜனை உடைக்கும் நொதியிலேயே இரும்பும் மாலிப்டினமும் இருக்கின்றன. பூக்கும்போது ஒருமுறையும், 15 நாள் கழித்து இன்னொரு முறையும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கச் சொல்வதில் காரணம் இருக்கிறது.

'உளுந்து போட்டாலே மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ந்துவிடும்.' பாதி உண்மை. பிடித்த நைட்ரஜனில் பெரும்பகுதி மணிக்குள் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ நைட்ரஜன். அதே அளவு நைட்ரஜன் சுமார் 540 கிலோ உளுந்து மணியோடு வயலைவிட்டு வெளியேறுகிறது. செடியை வேரோடு பிடுங்கி, பொட்டையும் விற்றுவிட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது சொற்பம். தரையோடு அறுத்து வேரை மண்ணிலேயே விடுங்கள். உளுந்தம்பொட்டை மாடு தின்றால், அதன் சாணமாவது வயலுக்குத் திரும்பட்டும். முழுக்க மண்ணுக்கே வேண்டும் என்றால், தக்கைப்பூண்டு, சணப்பு போன்றவற்றைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவதே வழி.

மொட்டைமாடியிலும் பார்க்கலாம்

நிலம் இல்லாதவர்களுக்கும் இதில் இடம் உண்டு. இரண்டு தொட்டியில் தட்டைப்பயறு போடுங்கள். ஒன்றில் சாதாரண விதை, மற்றதில் ரைசோபியம் கலந்த விதை. சாதாரண விதையை முதலில் ஊன்றுங்கள். கையில் ஒட்டிய பாக்டீரியா அதற்குப் போய்விடக் கூடாது. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே அளவு தண்ணீர். ஒரு மாதம் கழித்து வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து வேரைக் கழுவி, முடிச்சை எண்ணச் சொல்லுங்கள். அறிவியல் பாடத்தில் ஒரு வரியாகப் படித்தது கையில் வந்து நிற்கும்.

வயல் வைத்திருப்பவர்களும் இதையே பெரிதாகச் செய்யலாம். ஒரு மூலையில் நாலு பாத்தி அளவுக்கு மட்டும் ரைசோபியம் கலக்காத விதையை முதலில் தெளித்து, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அறுவடையில் இரண்டையும் தனித்தனியே எடை போடுங்கள். உங்கள் மண்ணுக்கு இந்தப் பாக்கெட் தேவையா, எவ்வளவு பலன் தருகிறது என்பதை உங்கள் தராசே சொல்லிவிடும். அடுத்த தை மாதம் கடைக்காரர் சொல்வதையும் பக்கத்து வயல்காரர் சொல்வதையும் கேட்டுக்கொள்ளலாம். முடிவை மட்டும் அந்த எடையைப் பார்த்து எடுங்கள்.